தங்கம் ஒட்டாத பட்டை: 60 வாழ்த்து அட்டைகளில் ஒரு ஃபாயில் கோளாறு

வேலை இதுதான். 60 நன்றி அட்டைகள், அத்தனையும் ஒரே வடிவம். அடியில் கருநீலக் கெட்டி அட்டை, மடித்தால் ஏ6 அளவு. அதன் மேல் வெள்ளை முகப்புத் துண்டு. நான்கு ஓரமும் நுணுக்கமான பூவேலையாக டையில் (வடிவத்தை அழுத்தி வெட்டும் உலோக அச்சு) வெட்டியிருக்க வேண்டும். துண்டின் நடுவே தங்க ஃபாயிலில் ஓர் இலைக்கொத்து, அதற்குக் கீழே ‘நன்றி’. வெட்டு ஓரத்தை ஒட்டியே சுற்றிலும் அரை சென்டிமீட்டர் அகலத்துக்குத் தங்கப் பட்டை. முகப்புத் துண்டை ஃபோம் டேப் வைத்துக் கொஞ்சம் தூக்கி ஒட்ட வேண்டும்.

செய்பவரிடம் இருந்த கருவிகள்: கறுப்பு மட்டும் அச்சிடும் லேசர் பிரிண்டர், சாதாரண லேமினேட்டர், கையால் சுழற்றும் டை வெட்டும் இயந்திரம். இத்தகைய அட்டைக்கு இவை தாராளம். அவரும் புதியவர் அல்ல; காகிதப் பூக்களும் முத்திரை அட்டைகளும் நிறையச் செய்து பழகிய கை. ஃபாயிலை மொத்த வேலையில் பயன்படுத்துவதுதான் முதல் முறை.

மாதிரிக்குச் செய்த அட்டை அழகாக வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆர்டரே கிடைத்தது. மொத்தமாகச் செய்ய உட்கார்ந்ததும் எல்லாம் தடம் மாறியது. என்னைக் கூப்பிட்டபோது பாதிக்கு மேற்பட்ட துண்டுகள் மேசையில் கழித்துப்போட்ட நிலையில் கிடந்தன. “ஃபாயில் ரோலையே மாத்திப் பார்த்துட்டேன்க்கா, அப்பவும் இப்படித்தான் வருது” என்றார்.

கழித்துப்போட்ட துண்டுகளில் நான்கு விதக் குறைகள் தெரிந்தன. இலைக்கொத்தின் மெல்லிய கோடுகள் ஓரளவு சுத்தமாக இருக்க, தங்கப் பட்டை மட்டும் ஊசி குத்தியதுபோல் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி விட்டிருந்தது. டையில் வெட்டிய ஓரத்தில் தங்கம் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. பூவேலையின் நடுப்பகுதியில் சில கண்கள் (சிறு துளைகள்) முழுதாக அறுபடாமல் இருந்தன. கையால் பிய்த்த இடங்களில் கிழிசல். கடைசியாக, பட்டை ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் ஒடுங்கியும் இருந்தது. நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது ஃபாயில் மட்டம் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் இந்த நான்கில் ஒன்றுகூட ஃபாயிலின் குறை இல்லை.

உரித்த படலம் சொன்னது

இந்த வகை ஃபாயில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கையில் பிடிக்கிற தாளின் பெரும்பகுதி ஒரு மெல்லிய பாலியெஸ்டர் படலம். அதன் அடியில், சூட்டில் படலத்தை விட்டு விலகும் ஒரு பூச்சு. அதற்கடியில் நிற வார்னிஷ், பிறகு ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், கடைசியில் சூட்டில் ஒட்டும் பசை. தங்க ஃபாயிலில் தங்கம் கிடையாது. மஞ்சள் வார்னிஷின் வழியாக அலுமினியம் மின்னுகிறது, அவ்வளவுதான்.

லேசர் பிரிண்டரின் டோனர் மையல்ல, பிளாஸ்டிக் பொடி. பிரிண்டருக்குள் இருக்கும் ஃபியூசர் அதை உருக்கிக் காகிதத்தில் பதிக்கிறது. அதே அச்சின் மேல் ஃபாயிலை வைத்து லேமினேட்டருக்குள் விட்டால் டோனர் மறுபடி இளகி, ஃபாயிலின் பசையைப் பிடித்துக்கொள்கிறது. டோனர் இல்லாத வெற்றுக் காகிதம் பிடிப்பதில்லை. இங்க்ஜெட் அச்சில் இந்த வித்தை பலிக்காததற்குக் காரணமும் இதுவே: அந்த மை காகிதத்துக்குள் ஊறிப்போகிறது, உருகிப் பிடிக்க மேலே எதுவும் இல்லை.

ஆக, மூன்று பிடிப்புகள் இருக்கின்றன. காகிதத்துக்கும் டோனருக்கும் இடையே ஒன்று, டோனருக்கும் ஃபாயிலுக்கும் இடையே ஒன்று, ஃபாயிலுக்கும் படலத்துக்கும் இடையே ஒன்று. உரிக்கும்போது எது பலவீனமோ அது அறும். மூன்றாவது மட்டும் அறுந்தால் வேலை வெற்றி. எங்கே அறுந்தது என்று தெரிந்துகொள்ள அட்டையைப் பார்ப்பதைவிட, உரித்தெடுத்த படலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது மேல். பெரும்பாலோர் அதைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். நல்லவேளையாக இவர் குப்பைக்கூடையைக் காலி செய்திருக்கவில்லை.

படலத்தில் இலைக்கொத்து விழுந்த இடம் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. பட்டை விழுந்த இடத்தில் இரண்டு விதக் கறைகள். சில இடங்களில் தங்கப் புள்ளி படலத்திலேயே தங்கியிருந்தது. வேறு சில இடங்களில் தங்கத்தோடு சேர்ந்து கறுப்புத் துகளும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. முதலாவது, டோனர் ஃபாயிலைப் பிடிக்கவில்லை என்பதற்குச் சான்று. இரண்டாவது, டோனரே காகிதத்தை விட்டுக் கழன்றுவிட்டது என்பதற்குச் சான்று. ஒரே மாதிரித் தெரிகிற புள்ளிகள், ஆனால் இரண்டு வேறு கோளாறுகள்.

மாதிரிக்கும் மொத்தத்துக்கும் நடுவில் என்ன மாறியது?

எந்தக் கைவேலையிலும் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் சுலபமாக வரவில்லை. பேசப் பேசத்தான் ஒவ்வொன்றாக வெளிவந்தது. மாதிரியை வீட்டில் மிச்சமிருந்த வழவழப்பான 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அட்டையில் செய்திருந்தார். ஆர்டர் உறுதியானதும், “கொஞ்சம் பணக்காரத் தோற்றமா இருக்கட்டும்” என்று, துணி நெசவு போன்ற மேற்பரப்புள்ள 300 ஜி.எஸ்.எம். அட்டையை வாங்கினார். ஆனால் பிரிண்டரில் காகித வகை ‘சாதாரணக் காகிதம்’ என்றே இருந்தது.

கறுப்புத் துகள்களுக்குக் காரணம் அந்தக் காகித வகைத் தேர்வு. கனமான அட்டை ஃபியூசரின் சூட்டை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். ‘தடித்த காகிதம்’ என்று தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் அட்டையை மெதுவாக நகர்த்தியோ சூட்டைக் கூட்டியோ ஈடுகட்டுகிறது. சாதாரண அமைப்பில் டோனர் அரைகுறையாக உருகி மேலே உட்கார்ந்திருக்கும். அச்சிட்ட அட்டையின் ஓரத்தில் விரலால் அழுத்தித் தேய்த்தேன். விரலில் கறுப்பு வந்தது. அமைப்பை மாற்றி அச்சிட்டதும் அந்தக் கறுப்பு நின்றது, படலத்தில் துகள் ஒட்டுவதும் நின்றது.

தங்கப் புள்ளிகள் அப்போதும் போகவில்லை. அது நெசவு மேற்பரப்பின் வேலை. மேடுபள்ளமான சுவரில் ரோலரால் வண்ணம் பூசினால் மேட்டில் மட்டும் படிவதைப் போல, லேமினேட்டரின் உருளை ஃபாயிலை அட்டையின் மேடுகளில்தான் அழுத்துகிறது. பள்ளத்தில் இருக்கும் டோனர் இளகினாலும் அதைத் தொட ஆள் இல்லை. மெல்லிய கோடுகளில் இந்த விடுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும். அரை சென்டிமீட்டர் பட்டையில் தப்பாது.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிச் சிறு துண்டுகளில் சோதித்தோம்: அதே கோப்பு, அதே ஃபாயில், அதே சூடு, காகிதம் மட்டும் வேறு. வழவழப்பான பூச்சில்லா அட்டையில் பட்டை ஏறக்குறைய முழுதாக வந்தது. நெசவு அட்டையில் எவ்வளவு சூட்டைக் கூட்டினாலும் வரவில்லை. சூட்டைக் கூட்டியதில் வேறு தொல்லை கிளம்பியது. லேமினேட்டரை 80 மைக்ரான் பிளாஸ்டிக் உறைக்கான அமைப்பிலிருந்து, சூடு கூடிய 125 மைக்ரானுக்கு மாற்றியபோது ‘நன்றி’யில் ‘ன’வின் சுழிகள் தங்கத்தால் அடைபட்டுவிட்டன; புள்ளி பக்கத்து எழுத்தின் கோட்டோடு ஒட்டிக்கொண்டது. தமிழ் எழுத்தை ஃபாயிலில் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் எழுத்துகளில் வளைவும் சுழியும் அதிகம். டோனர் இளகும்போது கோடு கொஞ்சம் பருக்கும். எனவே சுழிகள் விரிந்த, கோடு ஒரே சீராக உள்ள எழுத்துரு நல்லது. தடித்த அலங்கார எழுத்துரு கணினித் திரையில் எடுப்பாக இருந்தாலும் சின்ன அளவில் தங்கக் கட்டியாகிவிடும். சாம்பல் நிறத்தையும் அச்சில் தவிர்க்க வேண்டும். பிரிண்டர் சாம்பலைக் கறுப்புப் புள்ளிகளாகத்தான் போடுகிறது, ஃபாயிலும் அப்படியே புள்ளியாக வரும். முழுக் கறுப்பு, இல்லையென்றால் வெற்றிடம்.

வழவழப்பான அட்டைக்கு மாறிய பிறகும் பட்டையில் அங்கங்கே ஊசிமுனைப் புள்ளி இருந்தது. வீட்டு பிரிண்டர்கள் பெரிய கறுப்புப் பரப்பை ஒரே கனத்தில் நிரப்புவதில்லை. கூர்ந்து பார்த்தால் அச்சிலேயே மெலிந்த இடங்கள் தெரியும். அட்டையின் ஈரமும் ஒரு பங்கு வகிக்கிறது. சூடு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகிப் படலத்துக்கு அடியில் இடம் பிடிக்கிறது. அச்சிட்ட அட்டையை ஃபாயில் இல்லாமல் ஒரு தடவை லேமினேட்டரில் வெறுமனே ஓட்டி எடுத்த பிறகு ஃபாயில் வைத்ததில் புள்ளிகள் குறைந்தன. விட்டுப்போன இடத்தில் புது ஃபாயிலை வைத்து மறுபடி ஓட்டலாம்தான். சில சமயம் அடைக்கும், சில சமயம் ஏற்கெனவே ஒட்டியதையும் தூக்கிக்கொண்டு போகும். 60 அட்டைக்கு இதை நம்பி இறங்குவது சூதாட்டம்.

பட்டையே வேண்டாம் என்பதுதான் என் கருத்தாக இருந்தது. பட்டைக்குப் பதில் மூன்று மெல்லிய கோடுகள், வெளிக்கோட்டுக்கும் வெட்டு ஓரத்துக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் வெள்ளை. “அவங்க மாதிரியைப் பார்த்துத்தானே சரின்னு சொன்னாங்க, இப்ப மாத்தினா ஒத்துக்குவாங்களாக்கா?” என்று தயங்கினார். பட்டை போட்டதையும் கோடு போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும், ஆர்டர் கொடுத்தவர் கோட்டைத்தான் எடுத்தார்.

வெட்டும் இடத்தில்

ஓரத்தில் தங்கம் உதிர்வதற்கும் அதே மாற்றம் மருந்தானது. டையின் விளிம்பு கத்தியைப் போல் சீவுவதில்லை. உருளைகளின் அழுத்தத்தில் காகிதத்தை நசுக்கிக்கொண்டே அறுக்கிறது. அப்போது வெட்டு ஓரம் மயிரிழை அளவு கீழ்நோக்கி வளைகிறது. வெறும் காகிதம் அதைத் தாங்கும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். மேலே உருகி இறுகிய டோனர் பிளாஸ்டிக் அடுக்கு இருந்தால் அது நொறுங்கும். நொறுங்கிய இடத்திலிருந்து தங்கம் செதிலாகக் கிளம்பும். மடிப்புக்கோட்டின் குறுக்கே ஃபாயில் போகக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். ஓரம் வரை தங்கம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், முழுப் பரப்பும் உலோகப் படலம் ஒட்டிய ஆயத்த அட்டையை வாங்கி வெட்டிக்கொள்வது நல்லது.

முதலில் வெட்டிவிட்டு அப்புறம் ஃபாயில் ஒட்டலாமா என்றும் கேட்டார். இந்த முறையில் முடியாது. பூவேலையாக வெட்டிய துண்டை பிரிண்டருக்குள் விட்டால் எங்காவது மாட்டிக்கொள்ளும். அச்சு, ஃபாயில், அதன் பிறகு வெட்டு. இந்த வரிசையை மாற்ற வழியில்லை. அதனால் முன்னால் நடக்கும் ஒவ்வொரு தவறையும் கடைசியில் டைதான் அம்பலப்படுத்துகிறது. பட்டை ஒரு பக்கம் ஒடுங்கியது அப்படிப்பட்ட ஒன்று. அட்டையின் ஓரத்திலிருந்து அளவுகோலால் அளந்து டையை வைத்திருந்தார். பிரிண்டரோ ஒவ்வொரு தாளையும் ஒரே இடத்தில் அச்சிடுவதில்லை. தடித்த அட்டை உள்ளே போகும்போது கொஞ்சம் சாயும், கொஞ்சம் வழுக்கும். லேமினேட்டர் சூட்டில் ஈரம் இழந்த காகிதம் லேசாகச் சுருங்கி வளையவும் செய்யும், இழையோட்டத்துக்கு (காகித இழைகள் படிந்திருக்கும் திசை) குறுக்குத் திசையில் கூடுதலாக. தாளின் ஓரத்தை நம்பி அளந்தால் அச்சு எங்கே இருக்கிறது என்பது தெரியாது.

மெல்லிய உலோக டையின் நல்ல குணம், அதன் திறப்புகள் வழியாக அடியில் இருப்பதைப் பார்க்கலாம். ஃபாயில் கோட்டை அந்தத் திறப்புகளில் பார்த்துச் சரிசெய்து, பிசுபிசுப்புக் குறைந்த டேப்பால் ஒட்டிப் பிடித்தோம். டேப் கழிவுப் பகுதியில் மட்டுமே படவேண்டும். ஃபாயில் மேல் பட்டால் எடுக்கும்போது தங்கத்தையும் கூட்டிக்கொண்டு வரும். ஃபாயில் ஒட்டிய தாள்களை உடனே வெட்டாமல், கனத்துக்கு அடியில் ஒரு இரவு வைத்துச் சமப்படுத்திய பிறகு வெட்டியதில் வளைவும் போனது.

அறுபடாத கண்களுக்கு வருவோம். பூவேலை டையில் வெட்டு விளிம்பின் மொத்த நீளம் மிக அதிகம். உருளையின் அழுத்தம் அத்தனைக்கும் பங்கிடப்படுகிறது. அதோடு 300 ஜி.எஸ்.எம். அட்டையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அட்டையை 200-க்கு இறக்கியதிலேயே பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதி, டையையும் அட்டையையும் நடுவே வைத்து உருளைக்குள் அனுப்பும் பிளாஸ்டிக் தட்டுகளில் இருந்தது. ஒரே பக்கம், ஒரே இடத்தில் வெட்டி வெட்டி அவை நடுவில் வில்லாக வளைந்திருந்தன. வளைந்த தட்டு ஓரத்தில் அழுத்தும், நடுவில் விட்டுவிடும். தட்டுகளைத் தலைகீழாகத் திருப்பி, டையை நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்து ஓட்டினோம். நீளமான விளிம்பு முழுவதும் ஒரே நொடியில் உருளைக்குள் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. நடுவில் மட்டும் ஒரு மெல்லிய காகிதத் துண்டை முட்டுக் கொடுத்தோம். முட்டு அதிகமானால் டை வளையும், இயந்திரத்தின் பற்சக்கரமும் தாங்காது; அதனால் ஒரு தாளில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் இன்னொன்று. தட்டுகள் முறுகும் சத்தம் அவரைப் பயமுறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் சகஜம்தான். கைப்பிடி சுற்றவே மறுத்தால்தான் நிறுத்த வேண்டும்.

வெட்டிய துண்டு டைக்குள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க டைக்கும் அட்டைக்கும் நடுவே மெழுகுத் தாள் வைப்பது பழைய உத்தி. இங்கேயும் உதவியது, ஃபாயிலில் கீறல் விழாமலும் காத்தது. சிறு கண்களில் அடைந்த துகள்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பதைவிட, நுரை மெத்தையில் டையைக் கவிழ்த்து வைத்து முள் உருளைத் தூரிகையை உருட்டினால் மொத்தமாக விழும்.

சூட்டச்சு ஏன் இல்லை?

சூடேற்றிய உலோகத் தகட்டால் ஃபாயிலை நேரடியாக அழுத்தும் முறையில் இந்தத் தலைவலிகளில் பாதி கிடையாது என்பது உண்மை. அங்கே டோனருக்கு வேலையே இல்லை. பொதுவாக 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் தகடு அழுத்தும்போது ஃபாயிலின் சொந்தப் பசையே காகிதத்தைப் பிடிக்கிறது. கரடுமுரடான அட்டையையும் தகடு அழுத்திச் சமமாக்கிவிடும், கருநீல அட்டையில் நேராகவே தங்கம் போடலாம், லேசான பள்ளமும் விழும். அந்தப் பள்ளத்தின் அழகுக்கு லேமினேட்டர் முறை ஈடாகாது என்றே நினைக்கிறேன். ஆனால் ‘நன்றி’ என்ற சொல்லுக்கும் அந்த இலைக்கொத்துக்கும் தனியாகத் தகடு செய்ய வேண்டும். அதற்கான ஃபாயிலும் வேறு, டோனரைப் பிடிக்கும் ரோல் அங்கே உதவாது. ஒரு தடவை மட்டும் செய்யும் 60 அட்டைக்கு அது பொருந்தாது. அதே சொல் அடிக்கடி வருமானால் தகடு செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆர்டர் கொடுத்தவர் இடையில் ஒரு கேள்வி கேட்டார்: இவ்வளவு இயந்திரம் இருக்கும்போது இதைக் கைவேலை என்று சொல்லலாமா? 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட, முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை என்று பொதுவாகச் சொல்லப்படும் அட்டையே கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணம் தீட்டியதுதான். வாழ்த்து அட்டையில் அச்சும் கையும் ஆரம்பத்திலிருந்தே கலந்துதான் இருக்கின்றன. உரிக்கும் கோணம், டையை வைக்கும் கண், எதைக் கழிப்பது என்ற முடிவு, இவையெல்லாம் அந்த மேசையில் இருந்தவருடையவை. எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

ஒட்டுவதும் அடுக்குவதும்

ஃபோம் டேப் திட்டத்தைக் கைவிட வேண்டியிருந்தது. பூவேலை ஓரத்துக்கு அடியில் டேப் வைத்தால் கண்கள் வழியே தெரியும். நடுவில் மட்டும் வைத்தால் ஓரங்கள் தொங்கி, உறைக்குள் போகும்போது மடங்கும். தண்ணீர்ப் பசை மெல்லிய இழைகளை ஊறவைத்து நெளித்துவிடுகிறது. அதனால் வெட்டுவதற்கு முன்பே அட்டையின் பின்பக்கம் இருபக்கப் பசைத்தாளை ஒட்டி, இரண்டையும் சேர்த்து டையில் வெட்டினோம். துண்டு ஸ்டிக்கராகவே வெளியே வந்தது. பூவேலையின் ஒவ்வொரு இழைக்கும் பின்னால் சரியான அளவில் பசை. ஃபாயிலும் பசைத்தாளும் ஒன்றாக இருக்கும்போது வரிசை முக்கியம்: பசைத்தாள் ஃபாயிலுக்குப் பிறகு, வெட்டுக்கு முன்பு. முன்னதாக ஒட்டினால் லேமினேட்டர் சூட்டில் பசை ஓரத்தில் கசிந்து உருளையில் ஒட்டிக்கொள்ளலாம்.

உயரம் வேண்டும் என்ற ஆசைக்காக ‘நன்றி’யை முகப்பிலிருந்து பிரித்தோம். சிறிய நீள்வட்ட டையில் தனியாக வெட்டி, ஒரு மில்லிமீட்டர் ஃபோம் வைத்து ஒட்டியாயிற்று. இதில் எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. எழுத்து பிசகினால் நீள்வட்டம் மட்டும் வீண். முழு முகப்பும் பிழைத்துக்கொள்ளும்.

நெசவு அட்டையை முழுதாகக் கைவிடவில்லை. அதிலேயே கருநீலம் கிடைத்ததால் அடி அட்டைக்கு அதை எடுத்துக்கொண்டார். ஆர்டர் கொடுத்தவர் விரும்பிய தொடு உணர்வும் தப்பித்தது. ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஏ5 துண்டை மடித்தால் ஏ6. 114-க்கு 162 மில்லிமீட்டர் சி6 உறைக்குள் வசதியாக உட்காரும். இழையோட்டம் மடிப்புக்கு இணையாக வரும்படி வெட்டி, எலும்பு மடிப்பானால் முதலில் கோடு அழுத்தி, மேடு விழுந்த பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்ததில் வெடிப்பு வரவில்லை.

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியபோது, மேலே இருந்த அட்டையின் நெசவு கீழே இருந்ததன் தங்கத்தில் உரசி மங்கலாக்கியது. ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லிய டிஷ்யூ தாள் வைத்து உறையிலிட்டதோடு அது தீர்ந்தது. கழித்துப்போட்ட பழைய துண்டுகளில் இலைக்கொத்து நன்றாக வந்திருந்தவற்றைச் சின்ன வட்ட டையால் வெட்டி, உறையின் மூடியில் ஒட்டும் முத்திரையாக்கிவிட்டார். பட்டை விழுந்த ஓரங்கள் எல்லாம் குப்பைக்குத்தான் போயின.